வங்கியாளரின் போனஸும் தொழிற்கட்சியின் மௌனமும்

ஓர் அரசியற் கட்சியின் இயல்பை அதன் கொள்கை அறிக்கைகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடல் இயலாது. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அது கண்டித்தவற்றுள் எவற்றை, ஆட்சி அண்மித்ததும் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். வங்கியாளரின் போனஸுக்கு வரம்பு கட்டும் விடயத்திற் பிரித்தானியத் தொழிற்கட்சி மேற்கொண்ட நிலைப்பாட்டை இவ்வாறு ஆராய்வது பயனுடைத்து. 1946 இல் இங்கிலாந்து வங்கியை நாட்டுடைமையாக்கிய கட்சி அது. நமது இடதுசாரி இயக்கத்தின் முன்னோடியான என். எம். பெரேராவுக்கு இலண்டனில் ஆசானாக விளங்கிய ஹரல்ட் லாஸ்கி முன்னணியில் நின்ற கட்சியும் அதுவே. ஆதலால் அதன் போக்கு நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று.

நிகழ்ந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 2008 இன் நிதி நெருக்கடியில் றோயல் பாங்க் ஒவ் ஸ்கொற்லண்ட் வீழும் நிலையை அடைந்தது. அவ்வாண்டில் அதன் நட்டம் 2410 கோடி பவுண். அதனைக் காப்பாற்றும் பொருட்டு, அன்று ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி அரசாங்கம் மொத்தம் 4550 கோடி பவுண் பொதுப்பணத்தை இட்டது. 2009 ஆம் ஆண்டுக்கும் அவ்வங்கி 360 கோடி பவுண் நட்டத்தையே காட்டியது. ஆயினும் அதே ஆண்டுக்காக 130 கோடி பவுணைப் போனஸாக ஒதுக்கியது. பெரும்பங்கு பொதுமக்களுக்குச் சொந்தமாகிவிட்ட ஒரு வங்கியில் இது நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இது தனிமனிதரின் பேராசையால் மட்டும் விளைவதில்லை. வங்கியிற் பெருந்தொகைகளைக் கையாள்வோருக்கு ஆண்டிறுதியிற் காட்டப்படும் இலாபத்தை ஒட்டிப் போனஸ் வழங்கப்படுகிறது. கொடுத்த கடன் திரும்பி வாராது என்பது தெளிவாவதற்கோ பல ஆண்டுகள் செல்லலாம். இலாபம் கணக்கேட்டில் தோன்றும்போது போனஸ் ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. நட்டம் வெளிப்படும்போது அதனைச் சுமப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் முதலிற் பங்குதாரர்; வங்கி வீழ்ந்தால் நாடே வீழும் என்ற நிலை வந்ததும், வரி செலுத்தும் தாதியும் ஆசிரியரும் பஸ் சாரதியும் ஆவர். இலாபம் தனியாருக்கு, நட்டம் சமுதாயத்துக்கு என்ற பாகுபாடு இதனினும் தெளிவாக வேறெங்கும் வெளிப்படுவதில்லை எனலாம்.

இந்நிலையிலேதான் ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. வங்கியாளரின் போனஸ் அவரது நிலையான சம்பளத்தை விஞ்சலாகாது. பங்குதாரர் இசைந்தால் அதன் இருமடங்கு வரை செல்லலாம். அன்றைய கொன்சவேற்றிவ் தலைமையிலான கூட்டரசாங்கம் இதனை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்று, 2014 நவம்பரில் வழக்கைக் கைவிட்டது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர், 2022 செப்ரெம்பரில் நிதியமைச்சர் குவாசி குவாற்றெங் இவ்வரம்பை நீக்கப்போவதாக அறிவித்தார். அவர் அறிவித்த வரிக்குறைப்புகளுட் பெரும்பாலானவை சில வாரங்களிற் சரிந்தன, அவரும் பதவியிழந்தார். ஆனால் வரம்பு நீக்கம் மட்டும் பிழைத்து, 2023 ஒக்ரோபர் 31 இல் நடைமுறைக்கு வந்தது.

2022 இல் இதனைத் தொழிற்கட்சி வன்மையாகக் கண்டித்தது. வாழ்க்கைச் செலவால் மக்கள் வாடும் வேளையில் வங்கியாளருக்குச் சலுகையா என அதன் தலைவர்கள் வினவினர். 2024 ஜனவரி 31 இல், தேர்தல் அண்மித்த நிலையில், அக்கட்சியின் நிழல் நிதியமைச்சராக விளங்கிய றேச்சல் றீவ்ஸ், வரம்பை மீண்டும் கொண்டுவரும் எண்ணம் இல்லை என அறிவித்தார். நெருக்கடிக்குப் பின்னர் வங்கிகள் வலுப்படுத்தப்பட்டுவிட்டன என்பதும், விதிகளை அடிக்கடி மாற்றாத உறுதிநிலை நிதித்துறைக்கு வேண்டும் என்பதும் அவர் காட்டிய நியாயங்கள்.

இவ்வரம்பு ஒரு சோஷலிச ஏற்பாடு என மயங்குவோர் உளர். உண்மை அதுவன்று. அது போனஸுக்கும் சம்பளத்துக்கும் உள்ள விகிதத்தையே கட்டுப்படுத்தியது. மொத்த ஊதியத்துக்கு எல்லை எதுவும் வகுக்கவில்லை. எனவே வங்கிகள் நிலையான சம்பளத்தை உயர்த்தி விதியின் நோக்கத்தைத் தவிர்க்க முடிந்தது. நட்டக் காலத்திற் போனஸைக் குறைக்கலாம், சம்பளத்தைக் குறைத்தல் அரிது என இங்கிலாந்து வங்கி இவ்விதியைத் தொடக்கம் முதலே எதிர்த்து வந்தது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. குறையுள்ள கருவியை ஓர் இடதுசாரிக் கட்சி கைவிடுவதை மட்டும் கொண்டு நாம் அதனைக் குற்றவாளியாக்க மாட்டோம்.

ஆனால் அக்கருவிக்கு ஈடாக அது எதனை முன்வைத்தது? இங்கேதான் நமது விமரிசனம் தொடங்குகிறது. மாற்று வழிகளை அக்கட்சி அறியாததன்று. 2009 டிசெம்பரில் அதன் நிதியமைச்சர் அலிஸ்ரெயர் டார்லிங் 25,000 பவுணுக்கு மேற்பட்ட போனஸ் மீது வங்கிகளே செலுத்தவேண்டிய 50 சதவீத வரியை விதித்தார். சில மாதங்களே நடைமுறையிலிருந்த அவ்வரி ஏறத்தாழ 350 கோடி பவுணைத் திறைசேரிக்கு ஈட்டியது. 2012 ஜனவரியில், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த எட் மிலிபாண்ட் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பைக் கோரப்போவதாக அறிவித்ததும், றோயல் பாங்க் தலைவர் ஸ்ரீபன் ஹெஸ்ரர் தமக்குரிய 963,000 பவுண் போனஸைத் துறந்தார். எதிர்க்கட்சியாக இருந்தும் சாதிக்க முடிந்ததை, ஆளப்போகும் கட்சி எண்ணிப்பார்க்கவும் மறுத்தது. வரம்புடன் சேர்த்து, அவ்வரம்பு எழுப்பிய வினாவையும் அது கைவிட்டது.

‘உறுதிநிலை’ என்ற சொல்லையும் சற்று உரசிப்பார்த்தல் தகும். ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிலவிய விதியைக் குலைத்தவர்கள் கொன்சவேற்றிவ் கட்சியினர். நீக்கப்பட்டு மூன்று மாதங்களே கடந்த ஒன்றை மீட்பது குழப்பம் எனப்பட்டது. ஆயின், 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த அதே மாதத்தில், 1997 முதல் வழங்கப்பட்டுவந்த குளிர்கால எரிபொருட் கொடுப்பனவை ஏறத்தாழ ஒரு கோடி முதியோரிடமிருந்து நிதியமைச்சர் றீவ்ஸ் பறிக்கத் துணிந்தார். மக்களின் எதிர்ப்பால் 2025 ஜூனில் அதனைப் பெரும்பாலானோருக்கு மீண்டும் வழங்க உடன்பட நேர்ந்தது. மூதாட்டியின் கணப்படுப்பு விடயத்தில் உறுதிநிலை நினைவுக்கு வரவில்லை. வங்கியாளரின் போனஸ் விடயத்தில் அது தலையாய அறமாயிற்று. ஒரு சொல் யாருக்காகப் பேசப்படுகிறது என்பதை அறிந்தாலன்றி அதன் பொருளை அறிந்தவராகோம்.

பின்னர் நிகழ்ந்தவையும் இப்போக்கையே காட்டுகின்றன. கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனம் 2024 இல், தன் இலண்டன் ஊழியருக்குச் சம்பளத்தின் 25 மடங்கு வரை போனஸ் வழங்க இடமளித்தது. 2024 நவம்பரில், நெருக்கடிக்குப் பின் வந்த கட்டுப்பாடுகள் அளவுகடந்துவிட்டன என றீவ்ஸ் இலண்டன் நிதியாளர் முன்னிலையில் உரைத்தார். உயர் வங்கியாளரின் போனஸில் ஒரு பகுதியை எட்டு ஆண்டுகள் வரை தாமதித்து வழங்கும் விதியை, 2025 ஒக்ரோபரில் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை நான்கு ஆண்டுகளாகக் குறைத்தது. வரம்பு இல்லாத நிலையில் எஞ்சியிருந்த காவல்களுள் இந்தத் தாமதமும் ஒன்று என்பது கருதத்தக்கது. இதற்கிடையில், 2025 மே மாதத்தில், நற்வெஸ்ற் எனப் பெயர் மாறிய அந்தப் பழைய வங்கியில் அரசாங்கத்திடம் எஞ்சியிருந்த பங்குகளும் விற்று முடிந்தன. இட்ட பணத்தில் ஏறத்தாழ 1050 கோடி பவுண் திரும்பி வரவில்லை. அந்நட்டத்தைப் பொதுமக்கள் ஏற்றனர்.

சமுதாயத்துக்கு ஆற்றும் பணியே வெகுமதிக்கு உரைகல்லாதல் வேண்டும் என 1921 இலேயே ஆர். எச். ரோனி என்ற அறிஞர் தொழிற்கட்சியினருக்கு எடுத்துரைத்தார். அவ்வுரைகல்லை அக்கட்சி தன் கையாலேயே மூலையில் வைத்துவிட்டது. வரியோ, நீண்ட தாமதமோ, கொடுத்த போனஸை மீளப்பெறும் சட்டமோ, எந்த வழியாயினும் ஆகுக. ஆபத்தை விளைவிப்பவனே அதன் நட்டத்தையும் சுமக்க வேண்டும் என்ற நியாயத்தை உரத்துச் சொல்லும் துணிவு தேவை. அதனைச் சொல்ல அஞ்சும் கட்சியை, தாதியரும் தொழிலாளரும் தம் கட்சி என இன்னும் எத்தனை தேர்தல்களுக்கு நம்பியிருப்பர்?