ஆறாம் வகுப்பும் தலையெழுத்தும்

"அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, தலையெழுத்து அவ்வளவுதான்!" ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை ஆறாம் வகுப்பில் அடி சறுக்கும்போது உழைப்பாளி வீட்டில் எழும் பெருமூச்சு இது. எழுதியவன் யார்? எந்த மையால் எழுதினான்? அருகே நின்று பார்த்த சாட்சி எவர்? கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாததால் எழுதியவர்கள் தப்பிவிடுகின்றனர்.

கேட்டவர்கள் உண்டு, தோழர்காள்! இத்தாலி நாட்டில், பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே, பார்பியானா என்னும் மலைச்சிற்றூரில், உழவர் வீட்டுப் பிள்ளைகள் எண்மர் கேட்டனர். தம்மைத் தேர்வில் தோற்கடித்த ஆசிரியைக்கு மடல் தீட்டினர். "ஓர் ஆசிரியைக்கு மடல்" என்னும் பெயரால் 1967-இல் அது நூலாக வெளிவந்தது. தமிழிலும் அது பெயர்க்கப்பட்டுள்ளது. அந்நூலையே இன்று நாம் எடுத்து ஆராய்கிறோம். பிள்ளையை நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பம் எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை அதைப்போல் ஒளிவு மறைவின்றிச் சொன்ன நூலை நாம் கண்டதில்லை.

அங்கும் தொடக்கக் கல்வி ஐந்தாண்டுதான். அதன் பிறகு வழி இரண்டாகப் பிரிந்தது. நுழைவுத் தேர்வில் வென்றவர்க்கு இலத்தீன் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளி. மற்றவர்க்குத் தொழில் பழகும் பள்ளி, அதற்கப்பால் மேற்படிப்பின் வாயில் அடைப்பு. பத்து, பதினொரு வயதுப் பாலகனின் வாழ்வு ஒரு நாள் தேர்வில் முடிவாயிற்று. 1962-ஆம் ஆண்டின் கடைசி நாளில் இயற்றப்பட்ட சட்டம் அப்பிரிவினையை நீக்கி, எல்லாப் பிள்ளைகட்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்றது. 1963-இல் அது நடைமுறைக்கு வந்தது. கதவு திறந்தது. ஆனால் உள்ளே இருந்த மனம் திறக்கவில்லை! நுழைவுத் தேர்வால் தடுக்கப்பட்ட அதே பிள்ளைகள், உள்ளே வந்தபின் வகுப்புத் தேர்வால் வெளியே தள்ளப்பட்டனர். இதைத்தான் அந்தச் சிறுவர் கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, எவன் மகன் நிற்கிறான், எவன் மகன் போகிறான் என்று எண்ணிக் காட்டினர்.

நூலில் இரு பிள்ளைகள் வருகின்றனர். ஒருவன் பியெரினோ, மருத்துவர் மகன். வீட்டிலேயே எழுத்தறிந்து வந்ததால், ஆறு வயதில் நேரே இரண்டாம் வகுப்பில் அமர்ந்தவன். ஏட்டிலுள்ள மொழியே அவன் வீட்டு மொழி. மற்றவன் ஜான்னி. அவன் தந்தை பன்னிரண்டு வயதில் கொல்லன் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். பின்னாளில் பாசிச எதிர்ப்புப் படையில் துவக்கு ஏந்தியவர். ஜான்னிக்கு ஒரு சிறு சொல்லில் ஓர் எழுத்தை எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் ஊர் நிலவரம், கூலி வழக்கு, நகரமன்றக் கூட்டத்தின் நடப்பு, எல்லாம் தெரியும். தந்தையோடு அமர்ந்து கேட்டுக் கேட்டு அறிந்தது. பள்ளி எதை அளந்தது? விடுபட்ட எழுத்தை! எதை அளக்க மறுத்தது? அந்த அறிவை!

இந்நூலின் மிகக் கூரிய பகுதி தேர்வைப் பற்றியதன்று, பெற்றோரைப் பற்றியது என்போம். பள்ளிக்கு அழைக்கப்பட்ட ஏழைத் தந்தைக்கு ஆசிரியர் மரியாதையாக இருக்கை தருகிறார்; மதிப்பெண் பேரேட்டைக் காட்டுகிறார். தந்தைக்கு அந்த மரியாதையே பெரிதாகி விடுகிறது. அறிவுள்ள பிள்ளை நமக்கு வாய்க்கவில்லை, நம்மைப்போல் வயலுக்குப் போகட்டும் என்று அமைதியாகத் திரும்புகிறார். அடிக்கவில்லை, விரட்டவில்லை, கும்பிட்டு அனுப்பிவைத்தனர்! பேரேட்டில் எழுதியவர் ஓர் ஆள். வீட்டுக்குத் திரும்பும்போது அது ஊழின் எழுத்தாக மாறிவிடுகிறது. தலையெழுத்து உற்பத்தியாகும் தொழிற்சாலையை இவ்வளவு அருகில் கொண்டுபோய்க் காட்டிய எழுத்து அரிது.

நம் நாட்டில் இதைக் கற்பனை செய்யச் சிரமப்பட வேண்டியதில்லை. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில், அரைநாள் பள்ளி, மறு அரைநாள் தந்தையின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு அலையில் 1954-இல் அது கைவிடப்பட்டது. 2019 செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை பிறந்தது. 2020 பிப்ரவரியில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுப் பிள்ளையின் முன் வாயிற்காவலனை நிறுத்தும் ஆசை சாகவில்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் கோடை பிறந்ததும் பெற்றோருக்கு அறிவுரை சொல்லக் குவியும் கட்டுரைகளைப் பாருங்கள்! புதுப் பை வாங்குங்கள். படிக்கத் தனி மேசை போடுங்கள். மாலைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து பாடத்தைப் பாருங்கள். ஒற்றை அறை வீட்டில் மேசையை எந்த மூலையில் போடுவது? செங்கற்சூளையிலிருந்து இருட்டியபின் திரும்பி, அடுப்பை மூட்டும் தாய், தான் தொட்டும் பாராத ஆறாம் வகுப்பு அறிவியலை எப்படிப் பார்ப்பாள்? இவை பியெரினோவின் வீட்டுக்காகவே எழுதப்பட்டவை. (நல்ல நாள் குறித்துத் தரச் சோதிடரை நாடுவோரும் உளர். இராகு காலம் கழித்துச் சேர்க்கப்பட்ட பிள்ளையும் பின்னக் கணக்கில் தடுமாறத்தான் செய்கிறான்!)

பார்பியானாச் சிறுவர் வேறு வழி சொன்னார்கள். தம் நூல் ஆசிரியர்க்கு அன்று, பெற்றோர்க்கே எழுதப்பட்டது; அவர்கள் அமைப்பாகத் திரள வேண்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்தனர். தொழிலாளிக்குச் சங்கம் இருப்பதுபோல் பெற்றோர்க்கும் சங்கம்! ஆயத்தமாக வேண்டியது பிள்ளை மட்டுமன்று, பிள்ளையைப் பெறும் பள்ளியும்தான் என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் கனவில் கண்டது நமக்குச் சட்டமாகவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவது குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை தண்டம். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியிலிருந்து வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்வது பிள்ளையின் உரிமை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க இயலாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அப்படிப் பயின்று கல்லூரி புகும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. ஆக, பிள்ளை ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியின் படியேறுகிறான் என்பது, ஏழாண்டு கழித்து எந்தக் கல்லூரியின் கதவு திறக்கும் என்பதோடு பிணைந்து கிடக்கிறது. பையும் மேசையும் பேசும் கட்டுரைகளில் இதற்கு எத்தனை வரி ஒதுக்கப்படுகிறது?

நூலைக் குறையற்றது என்று கொண்டாட நாம் வரவில்லை. அதை வழிநடத்திய லோரென்சோ மிலானி ஒரு பாதிரியார். சமய மேடையில் நின்றவர் என்பதற்காக அவர் பணியை நாம் தள்ளவில்லை. அவர் நடத்திய பள்ளியில்தான் நமக்கு வழக்குண்டு. அங்கே இடைவேளை இல்லை, விளையாட்டு இல்லை, ஞாயிறு விடுமுறைகூட இல்லை. தொழுவத்தில் முப்பத்தாறு மாடுகளின் சாணத்தோடு போராடிய சிறுவனுக்கு அப்பள்ளி விடுதலையாகத் தோன்றியது இயல்பே. ஆயினும் ஏழையின் பிள்ளைக்கு ஆட்டமும் பாட்டும் வேண்டாம் என்பது நமக்கு ஒப்பவில்லை; பியெரினோ பந்தாடும்போது ஜான்னி ஏன் ஆடக்கூடாது? பழி முழுதையும் ஒரே ஆசிரியையின் தோளில் ஏற்றியதும் மிகை. வகுப்பறையில் நெரியும் பிள்ளைகளோடு அவளும் அதே அரசின் கூலியாள்தான். மடலின் சினம் பல இடங்களில் அரசமைப்பைத் தாக்கும் வலிமையை இழந்து, ஆளைத் தாக்குவதில் நின்றுவிடுகிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றி நூல் பேசும் பகுதி சிறிது, ஆனால் நேர்மையானது. பார்பியானாவுக்குப் பெண்பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று தம்மையே கேட்டுக்கொண்டு, மலைப்பாதை காரணமாகலாம், பெண்ணுக்குக் கோழியின் மூளை போதும் என்று நினைக்கும் பெற்றோர் காரணமாகலாம் என்கின்றனர். அத்தோடு விட்டுவிட்டனரே என்பது நம் குறை. நம் ஊர்களில் ஐந்தும் ஆறும் சந்திக்கும் இடத்தில்தான் அவளுடைய வழி கரடாகிறது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்கிறது விதி. அரசு தரும் மிதிவண்டியோ பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கிறது! அந்த மூன்று கிலோமீட்டரில் நடக்கும் ஆண்டுகளில்தான் அவள் பூப்படைகிறாள்; பந்தலும் சீர்வரிசையும் வருகின்றன; "இனி அவ்வளவு தூரம் எதற்கு?" என்ற பேச்சும் கூடவே வருகிறது. சீருக்குச் செலவிடும் பணத்தைக் கணக்கிட்டால் எத்தனை மிதிவண்டி வாங்கலாம் என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

பார்பியானாவில் பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குப் பாடம் சொன்னான்; பின்தங்கியவனுக்குப் புரியும்வரை மற்றவர் காத்திருந்தனர். மடலையும் அவ்வாறே கூடி எழுதினர்: தோன்றியதை எல்லாம் துண்டுத்தாள்களில் குறித்து, இனம் பிரித்து, மிகையானதை வெட்டினர். நம் படிப்பகங்களுக்கு இது எட்டாத செயலா? ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடிகிறது, ஜூனில் ஆறாம் வகுப்பு தொடங்குகிறது. இடைப்பட்ட வாரங்களில், தெருவில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பள்ளிக்குப் போகின்றனர், எவர் வீட்டில் ஆறாம் வகுப்பைக் கண்டவர் ஒருவரும் இல்லை என்று பெயர் எழுதி எடுங்கள். அந்தப் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புதுப் பள்ளியை ஒருமுறை சுற்றிக்காட்டுங்கள். இதுவரை பெயர் சொல்லி அழைத்த ஓர் ஆசிரியர் இருந்த இடத்தில், இனி மணிக்கொருவராகப் பாடத்துக்கொருவர் வருவார் என்று சொல்லிவையுங்கள். மேலாண்மைக் குழு எந்த நாளில் கூடுகிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அந்தத் தாய்மார் பெயரோடு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.