அடியார் வரலாறும் அன்றாட வழிபாடும்

1586ஆம் ஆண்டில், முத்துக்குளித்துறைப் பரதவர்க்கென அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட ‘புளோஸ் சாங்க்தோரும்’ என்னும் அடியார் வரலாறு, தமிழ் உரைநடை வரலாற்றில் உரிய இடம் பெற்றிலது. மதநூல் என்பதனால் அதனைப் பெயரளவிற் குறிப்பிட்டுக் கடந்துசெல்லல் ஏற்புடையதன்று.

திருநாள் வரிசையில் அமைந்த புனிதர் சரிதங்கள், ஆண்டின் நாள்களையே வழிபாட்டு ஒழுங்கினுட் கொணர்ந்தன. கடற்றொழிலாளர் கேட்டு விளங்குதற்பொருட்டுப் பேச்சுவழக்கைத் தழுவிய நடை கையாளப்பட்டது. போர்த்துக்கேயர் ஆதிக்கச் சூழலிற் புதிய சமயத்தை நிலைநிறுத்தும் தேவையே அவ்வெளிமைக்கு உந்துதலாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், பாமரரை முன்னிறுத்திய உரைநடை அங்கு அச்சேறியமையும் உண்மையே.

துன்பந் தாங்குதலையே மேன்மையெனப் போற்றும் அச்சரிதங்களின் கருத்துநிலையை முற்போக்குத் திறனாய்வு கண்டித்தல் தகும்; அவற்றின் மொழிச்சாதனையைப் புறக்கணித்தல் தகாது. மக்கள் மொழியின் வரலாறு கோயில் வாசலிலும் எழுதப்பட்டுள்ளது.