ஆண்டர்சனின் 405 தோட்டா

பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து தெற்கே தளிப் பக்கம் போனால் ஜவளகிரிக் காடு. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப்போன காடுகளில் ஒன்று. கையில் 1895 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி. தோட்டா, 1904-இல் வந்த 405. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கு எடுத்துப்போனதும் இதைத்தான்.

அருமையான தேர்வு. குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்கு மேல். மொட்டை மூக்கு, உடலில் பாய்ந்ததும் மென்முனை விரிந்து ஆழமாகக் கிழிக்கும். தூரம் கூடினால் சட்டென்று தாழும், உண்மைதான். ஆனால் உண்ணிச்செடிப் புதரிலிருந்து புலி முப்பதடியில் அல்லவா பாயும்! நெம்புகோலை ஒரு தள்ளு, ஒரு இழுப்பு: வெற்றுக்கூடு தெறித்து விழ, அடுத்த தோட்டா ஏறிவிடும். யானைக்கு மட்டும் இந்த மென்முனை ஆகாது. மண்டையோட்டைத் துளைக்க விரியாத கெட்டிக் குண்டு வேண்டும்.