கணக்கில் இடம்பெறாத நிலம்: தோரோவின் ‘வால்டன்’ நூலில் கடனில்லா வீடு

ஆய்வுச்சுருக்கம்

ஹென்றி டேவிட் தோரோ 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வால்டன்’ நூலின் முதல் இயல், கடன் வாங்காமலும் ஒப்பந்தக்காரரை அமர்த்தாமலும் ஒருவர் தம் கையாலேயே வீடு கட்டிக்கொள்ள இயலும் என்பதற்குச் சான்றாகப் படிக்கப்பட்டு வருகிறது. அச்சான்றின் மையமாக விளங்கும் செலவுப் பட்டியலை அந்நூலிலேயே இடம்பெறும் வேறு இரு வீடுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வாடகையின்றிக் கிடைத்த நிலமே அவ்வீட்டைக் கடனிலிருந்து காத்த முதன்மைக் காரணம் என்பதும், கைத்திறனும் சிக்கனமும் அதற்கு அடுத்த நிலையிலேயே அமைகின்றன என்பதும் இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: தோரோ, வால்டன், வீடு, அடமானம், நிலவாடகை, தன்னுழைப்பு.

முன்னுரை

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்னும் பழமொழி, வீடு கட்டுதலை ஒரு மனிதனின் பொருள்வலிமைக்கு வைக்கப்படும் சோதனையாகக் காண்கிறது. அச்சோதனையே தேவையற்றது என்று வாதிடும் நூல் ‘வால்டன்’. தோரோவைக் காந்தியடிகள் போற்றிய ஒத்துழையாமைக் கட்டுரையின் ஆசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். ஆயினும் அவர்தம் அரசியல் சிந்தனைக்கும் வீட்டைப் பற்றிய சிந்தனைக்கும் அடிப்படை ஒன்றே. பிறர்க்குக் கடன்பட்டவன் தன் காலத்துக்கு உரியவனாக இருத்தல் இயலாது என்பதே அது. கான்கார்ட் ஊரின் வரிமதிப்பாளர்களை வினவியபோது, தம் பண்ணையை அடமானமின்றி உடையவர் பன்னிருவரின் பெயரைக்கூட அவர்களால் உடனே சொல்ல இயலவில்லை என்கிறார் தோரோ. அவ்வட்டாரத்தின் சராசரி வீட்டு விலையை 800 டாலர் எனவும், நாளுக்கு ஒரு டாலர் ஈட்டும் தொழிலாளிக்கு அத்தொகையைச் சேர்க்கப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும் எனவும் அவர் கணக்கிடுகிறார். இவ்விமரிசனம் இன்றும் வலிமை குன்றாதது. ஆனால் அதற்கு மாற்றாக அவர் முன்வைக்கும் வீடு எத்தகைய அடித்தளத்தின்மேல் நிற்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

செலவுப் பட்டியலின் அமைப்பு

1845ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இரவல் கோடரி ஒன்றுடன் வால்டன் குளக்கரைக்குச் சென்ற தோரோ, பைன் மரங்களை வெட்டிச் செதுக்கிச் சட்டம் ஆக்கினார். மே மாதத் தொடக்கத்தில் அறிந்தவர் சிலரின் துணையோடு சட்டகத்தை நிறுத்தினார். சூலை 4ஆம் நாள் குடிபுகுந்தார். புகைபோக்கி இலையுதிர் காலத்தில்தான் எழுந்தது. பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட அவ்வீட்டுக்கான பொருட்செலவு 28 டாலர் 12½ சென்ட்.

இத்தொகை வரிசை வரிசையாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. பலகைக்கு 8 டாலர் 3½ சென்ட், பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர், கூரைக்கும் சுவருக்குமான கழிவு மரவோடுகளுக்கு 4 டாலர், ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட் என்பன பெருஞ்செலவுகள். சுண்ணக்கட்டிக்கான ஒரு சென்ட்டும் விடுபடவில்லை. இந்நுணுக்கமே வாசகரின் நம்பிக்கையை ஈட்டுகிறது. அரைச் சென்ட்டையும் மறைக்காதவர் வேறெதனை மறைப்பார் என்னும் எண்ணம் இயல்பாக எழுகிறது.

பட்டியலில் சேராதவற்றையும் தோரோ குறிக்கிறார். மரம், கல், மணல் ஆகியவற்றை அவ்விடத்தில் குடியேறியவன் என்னும் உரிமையால் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். நிலமோ சேர்ந்தவற்றிலும் இல்லை, சேராதவற்றிலும் இல்லை. அந்நிலம் அவருடைய நண்பரும் ஆசானுமாகிய எமர்சன் 1844இல் வாங்கியது. இது வெறும் பொருட்பட்டியலே, ஆதலின் நிலத்துக்கு அதில் இடமில்லை என மறுக்கலாம். அவ்வாறாயின் அத்தொகையைப் பிற தொகைகளோடு ஒப்பிடுதல் கூடாது. தோரோ ஒப்பிடுகிறார். கேம்பிரிட்ஜ் கல்லூரி மாணவன் ஓர் அறைக்கு ஆண்டுதோறும் தரும் 30 டாலர் வாடகையைவிடத் தம் வாழ்நாள் வீட்டின் செலவு மிகவில்லை என்கிறார். வாடகையில் நிலத்தின் விலையும் அடங்கும். அவர் கணக்கில் அது அடங்கவில்லை. இப்பட்டியலை அக்கால வணிகக் கணக்கேடுகளின் அங்கதமாகக் கொள்வாரும் உளர். பட்டியல் அங்கதமாயினும் அதனைக் கொண்டு செய்யப்படும் ஒப்பீடு அங்கதம் அன்று என்பது பின்னர்க் காணவிருக்கும் பகுதியால் தெளிவாகும்.

காலின்சு குடும்பத்தின் குடிசை

பட்டியலின் முதல் வரிசையாகிய பலகைகளுள் பெரும்பாலானவை ஒரு குடிசையிலிருந்து வந்தவை. ஃபிட்ச்பர்க் இருப்புப்பாதையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் ஜேம்சு காலின்சின் குடிசையைத் தோரோ 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கினார். அதனுள் ஒரு படுக்கை, அடுப்பு, பட்டுக்குடை, பொன்முலாம் சட்டமிட்ட கண்ணாடி ஆகியவற்றோடு அவ்வீட்டிலேயே பிறந்த ஒரு குழந்தையும் இருந்ததை அவரே பதிவு செய்கிறார். மறுநாள் விடியலில் அக்குடும்பம் ஒற்றை மூட்டையுடன் சாலையில் எதிர்ப்படுகிறது. அன்று காலையிலேயே குடிசை பிரிக்கப்படுகிறது. ஒரு குழந்தையின் பிறந்தகம் செலவுப் பட்டியலில் ‘பலகை’ என்னும் ஒரே சொல்லாகச் சுருங்குகிறது.

இப்பகுதியில் பலரும் கடந்து செல்லும் ஒரு செய்தி உண்டு. நிலவாடகை, விறகு ஆகியவற்றின் பேரில் தெளிவற்ற, நியாயமற்ற சில கோரிக்கைகள் எழக்கூடும், ஆகவே விடியலிலேயே வந்துவிடுவது நல்லது என்று காலின்சு தோரோவை அறிவுறுத்துகிறார். அவருக்கும் பலகை வீடு இருந்தது. அவரும் உடலுழைப்பாளியே. எனினும் அவ்வீடு நின்ற மண்ணின் பேரில் வாடகை கேட்க ஒருவர் இருந்தார். அதே பலகைகள் குளக்கரைக்குச் சென்றபின் அத்தகைய கோரிக்கை எதுவும் எழவில்லை. பலகைகள் மாறவில்லை, அவை நின்ற நிலத்தோடு மனிதர்க்கிருந்த உறவே மாறியது.

ஜான் ஃபீல்டுக்குச் சொன்ன அறிவுரை

‘பேக்கர் பண்ணை’ என்னும் இயலில் மழைக்கு ஒதுங்கும் தோரோ, ஜான் ஃபீல்டு என்னும் மற்றோர் அயர்லாந்துக்காரரின் ஒழுகும் குடிசையை அடைகிறார். அண்டைப் பண்ணையாளரின் சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் புரட்டுவது ஃபீல்டின் தொழில். அதற்குக் கூலி ஏக்கருக்குப் பத்து டாலரும், அந்நிலத்தை எருவோடு ஓராண்டு பயன்படுத்தும் உரிமையும் ஆகும். இத்தகைய பாழ்வீட்டின் ஓராண்டு வாடகையைவிடத் தம் வீட்டுக்குச் செலவு அதிகமாகவில்லை எனவும், விரும்பினால் ஃபீல்டும் ஓரிரு மாதங்களில் தமக்கென ஒரு மாளிகையே எழுப்பிக்கொள்ளலாம் எனவும் தோரோ அவருக்கு எடுத்துரைக்கிறார்.

இங்கு அங்கதத்துக்கு இடமில்லை. பட்டியலின் தொகை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நேரிடையான அறிவுரையாக வழங்கப்படுகிறது. அதனைக் கேட்ட கணவனும் மனைவியும் இவ்வழியைத் தொடங்கும் அளவுக்குத் தம்மிடம் முதல் உண்டா என எண்ணிப் பார்த்ததாகத் தோரோ எழுதுகிறார். அவர் இதனை அவர்களுடைய மனத்தளர்ச்சியின் அடையாளமாகக் காட்டி, இயலின் முடிவில் ஃபீல்டின் வறுமையை அவருடைய மரபின்மேல் ஏற்றுகிறார். ஆனால் அத்தம்பதியர் எழுப்பிய வினாவே சரியான வினா. ஓராண்டுக்கு ஒரு துண்டு நிலத்தைப் பயன்படுத்தவே சதுப்பைப் புரட்டவேண்டியவர், மாளிகையை எந்த மண்ணில் எழுப்புவார்? ஃபீல்டுக்கு நிலம் கூலியின் ஒரு பகுதி. தோரோவுக்கு அது நட்பின் கொடை. இவ்வேறுபாட்டைச் சிக்கனத்தால் நிரப்ப இயலாது.

உழைப்பும் காலமும்

ஒரு பொருளுக்காகக் கொடுக்கப்படும் வாழ்நாளின் அளவே அதன் உண்மை விலை என்பது தோரோவின் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கையின்படி அவர் செலவிட்ட நாள்களும் பட்டியலில் ஏறியிருக்கவேண்டும் என்று வாதிடலாம். இக்கட்டுரை அதனை ஏற்கவில்லை. தாமே விரும்பி, விரைவின்றி, நண்பகல் உணவைப் பொதிந்து வந்த செய்தித்தாளையும் படித்துக்கொண்டு செய்த வேலையை விற்கப்பட்ட காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது. இவ்விடத்தில் தோரோவின் கணக்கு நேர்மையானதே. ஆனால் அத்தகைய அவசரமற்ற உழைப்பு இயலுவதற்கும், வாடகைக்கு நாள் குறிக்காத நிலம் காலடியில் இருக்கவேண்டியுள்ளது.

முடிவுரை

கடனில்லா வீட்டைப் பற்றிய தோரோவின் வாதத்தில் அடமானம் பற்றிய பகுதி உறுதியானது. அவ்வழி எவர்க்கும் உரியது என்னும் பகுதி உறுதியற்றது. காலின்சு, ஃபீல்டு, தோரோ ஆகிய மூவரும் கைவேலை அறிந்தவர். மூவருள் ஒருவரே நிலத்துக்கு விடை சொல்லத் தேவையற்றவர். இதனைக் காட்டும் சான்றுகளைத் தோரோவே தம் நூலில் விட்டுச் சென்றிருக்கிறார் என்பது அந்நூலின் பெருமை. அரைச் சென்ட்டை எழுதிய அதே நேர்மை காலின்சு சொன்ன நிலவாடகையையும், ஃபீல்டு தம்பதியரின் ஐயத்தையும் எழுதிவைத்தது. தம் கையால் வீடு கட்டியோர் எழுதும் கணக்குகளைப் படிப்போர், எவ்வளவு செலவாயிற்று என்பதோடு அவ்வீடு யாருடைய நிலத்தில், எந்த உறவினால் நின்றது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கான விடை பட்டியலில் கிடைக்காது. பட்டியலுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில்தான் கிடைக்கும்.