அரை மீற்றர் கடல்

"உங்க பக்கம் கடலா, குளமா? ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்று சிரித்தார் யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுப் போன சென்னை நண்பர். பண்ணைப் பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுத்ததோடு அவருடைய கடல் ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

கணக்கில் அவர் சொன்னது பொய்யில்லை. அமாவாசை, பறுவ நாட்களில் சென்னையில் கடல் ஏறக்குறைய ஒரு மீற்றர் ஏறி இறங்கும். எங்களுக்கு அரை மீற்றரைச் சுற்றித்தான். காம்பே வளைகுடாவில் 10 மீற்றர் வரை போகும். பாவ்நகர் துறைமுகத்தில் கப்பல் தரைதட்டாமல் நீரைப் பூட்டி வைக்கக் கதவே கட்டினார்கள். ஆனால் அது குஜராத்காரரின் பெருமை. சென்னைக்காரர் கடன் வாங்கத் தேவையில்லை.

எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எந்த நிலத்தில் ஏறுகிறது என்பதல்லவா விஷயம்? மெரீனா சரிவான கரை. நீர் இறங்கினாலும் அலை கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். எங்கள் பரவைக்கடல் பல இடங்களில் இடுப்பளவு ஆழம். ஒரு சாண் வத்தினாலே கரையோரத்தில் சேறும் சாதாளையும் வெளியே வந்துவிடும். குருநகரில் கட்டிய வள்ளம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். தள்ள ஆள் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல் ஏறி வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டும். களங்கண்டிக்காரருக்கோ அந்த வத்துத்தான் சோறு. தடி நட்டு வலையை வளைத்துக் கட்டியிருப்பார்கள். வெள்ளத்தோடு மேய வந்த மீனும் இறாலும் திரும்பும்போது வலையில் முட்டி, அதன் ஓரமாகவே போய்க் கடைசி அடைப்புக்குள் விழும். நடந்து போய் அள்ளி வருவார்கள்.

வெளிக்கடலுக்கு அச்சிட்ட வெள்ள நேரம் இங்கே செல்லாது. ஒடுங்கிய வாயால் நீர் உள்ளே வரச் சுணங்கும், உயரமும் குறையும். ஆகவே நிலவுக் கணக்குத்தான்: நேற்றைய வெள்ளத்தோடு இரண்டு நாழிகை கூட்டு. அது 48 நிமிடம். விஞ்ஞானம் சொல்வது சுமார் 50. மாரியில் கடலே ஒரு சாண் உயர்ந்து நிற்கும், ஆடியில் தாழும். இது சென்னைக்கும் உண்டு. அங்கே அதை யார் கவனிக்கிறார்கள்?

இந்திய அளவைத் துறை ஆண்டுதோறும் அட்டவணை போடுகிறது. ஒழுங்கான வேலை, மறுக்கமாட்டேன். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அங்கே பாடப்புத்தகத்தில் பெயர் ஓதம். எங்கள் புத்தகத்தில் வற்றுப்பெருக்கு, போக்கும் வரவும் ஒரே சொல்லில். அவ்வளவு இருந்தும் அமாவாசையை ஒட்டி, 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்' என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. திருச்செந்தூர்க் கடலை நான் அறிந்ததும் அந்தச் செய்திகளில்தான்.

இராமேஸ்வரத் தீவில் இருக்கும் பாம்பன், தங்கச்சிமடத்து ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. வடக்குப் பக்கம் அவர்களுக்கும் அதே ஆழங்குறைந்த பாக்குக் கடல், அதே கொஞ்ச ஏற்றம். அவர்களை நான் இந்தியக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆனால் இறால் என்று வந்தால், பரவைக்கடல் இறாலின் இனிப்பு அவர்களுக்கும் கிடையாது.