இருக்கலாம், எழும்ப ஏலாது

"அம்மம்மா, இருங்கோ" என்று மகள் தன் புதுச் சோபாவைக் காட்டினாள். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இருக்கலாம் பிள்ளை, எழும்பத்தான் ஏலாது." அன்று முழுக்கச் சமையலறைக் கதிரையிலேயே இருந்தார்.

தரையோடு படிந்த, கால்களற்ற, துண்டு துண்டான இந்தச் சோபாக்களை இப்போது மொன்றியலில் இளையவர்களின் வீடுகளில் அடிக்கடி காண்கிறேன். புதுமை என்று விற்கிறார்கள். தாய்வடிவங்கள் அரை நூற்றாண்டு பழையவை. மாரியோ பெல்லினியின் கமலெயோண்டா 1970இல் வந்தது. கொக்கியும் வளையமுமாக, துண்டுகளை வேண்டியபடி சேர்க்கலாம், பிரிக்கலாம். 2020இல் அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மிஷேல் டுகரொய் 1973இல் வடிவமைத்த டோகோவுக்குள் மரச்சட்டமே இல்லை, முழுக்க நுரைப்பஞ்சு. இருக்கை உயரம் 38 சென்ரிமீற்றர். சாப்பாட்டு மேசைக் கதிரை ஏறத்தாழ 45. அந்த ஏழு சென்ரிமீற்றரில்தான் அம்மாவின் முழங்கால் இருக்கிறது.

இந்த நகரத்துக்கு இவ்வடிவம் பொருந்துகிறது என்பதையும் சொல்லவேண்டும். இங்கே பழைய மாடிவீடுகளுக்கு வெளியே வளைந்தேறும் இரும்புப் படிகள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் 30இல் முடிவதால் யூலை 1 வீடு மாறும் நாள். பார்க் எக்ஸ்ரென்சனில் நாங்கள் குடியிருந்தபோது மூவர் இருக்கும் செற்றியொன்றை அந்தப் படிகளில் ஏற்ற முடியாமல், பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் நடைபாதையில் விட்டுவந்தோம். மகளின் சோபா ஐந்து பெட்டிகளில் வந்து ஒவ்வொன்றாக மேலேறிவிட்டது.

"எங்கள் ஆட்கள் பாயில் இருந்தவர்கள்தானே" என்று ஒரு நண்பர் சொன்னார். பாய்க்குக் கீழே தரை இருந்தது. உள்ளங்கையை ஊன்றினால் அது எதிர்த்துத் தாங்கும். நுரைப்பஞ்சு கையையும் சேர்த்து விழுங்கிவிடும். யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் கிடந்த அப்பாவின் சாய்மனைக் கதிரையும் தாழ்வானதுதான். ஆனால் அதன் நீண்ட மரக்கைகளைப் பிடித்துக் கடைசிவரை அவர் தானாகவே எழும்பினார்.

அதற்காக அந்தக் கதிரையை நான் போற்ற மாட்டேன். அப்பா வீட்டில் இல்லாத நேரத்திலும் அம்மா அதில் சாய்ந்ததை நான் கண்டதில்லை. மகளின் சோபாவில் வீட்டுத் தலைவருக்கென்று தனியிடம் கிடையாது. அவள், மருமகன், வந்தவர் போனவர் எல்லாரும் ஒரே மட்டத்தில் புதைகிறார்கள். அந்தளவில் இது எங்கள் பழைய தளபாடங்களைவிட நியாயமானது. சாய்ந்திருக்க யாரையும் கேட்கத் தேவையில்லாத ஓர் இருக்கை அம்மாவுக்கு எண்பது வயதில் கிடைத்திருக்கிறது, அவருடைய முழங்கால்கள் விட்டுப்போன பிறகு.

போன கிழமை போனபோது ஒரு துண்டின் கீழே மகள் பலகைகள் அடுக்கி உயர்த்தியிருந்தாள். அம்மா இருந்து பார்த்தார். உயரம் சரி. பிடித்து எழும்பப் பக்கத்தில் இன்னும் ஒன்றுமில்லை. மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.