ஓதம் ஏறும் அரைமணி

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர் முதலில் பிரிக்க வேண்டியது பஞ்சாங்கத்தை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கண்ட காட்சி இன்று அதே ஆறு மணிக்குக் கிடைக்காது. நீர் வற்றிவிட்டால் உள்ளான்கள் சேற்றுவெளி முழுக்கச் சிதறி, தொலைநோக்கியில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏற, இரை தேடும் இடம் சுருங்கி, கூட்டம் கூட்டமாகக் கரையை நெருங்கி வரும். அந்த அரைமணிக்காகத்தான் இத்தனை பாடும். அதிலும் காற்று குறுக்கிடும். ஆழம் குறைந்த கடல் அது. காற்று பலத்தால் கணக்கை மீறி நீர் ஏறிவிடும்.

பூநாரைகளைப் பார்க்கப் பலரும் டிசம்பர், ஜனவரியில் வருகிறார்கள். அதுவும் கண்கொள்ளாக் காட்சிதான். எனக்கென்னவோ ஏப்ரல்தான் பிடிக்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திரிந்த வளைமூக்கு உள்ளான், சைபீரியாவுக்குத் திரும்பும் முன் செங்கல் சிவப்பு பூசிக்கொள்ளும் மாதம் அது.

அப்படியொரு ஏப்ரலில் மூன்று மணி நேரம் வெறும் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். முக்காலியை மடக்கும்போது வல்லூறு ஒன்று தாழப் பறந்தது. எங்கிருந்தோ நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே வீச்சில் எழுந்தன. ஒரு பக்கம் சாய்ந்தபோது சாம்பல். மறுபக்கம் சாய்ந்தபோது சிவப்பு. இரண்டு முறை வட்டமடித்து, எனக்கு முப்பது அடி தள்ளி இறங்கின.